கொயர் பீரோவைக் காலி செய்யும் முன்: பாஸ்டரேட் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆயர்களுக்கும், பாஸ்டரேட் கமிட்டி அங்கத்தினர்களுக்கும், பாடகர் குழுச் செயலாளர்களுக்கும், கிறிஸ்துவின் இனிய நாமத்தில் வாழ்த்துகள்.

ஆயர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறையின் மூலையில் நிற்கும் கொயர் பீரோவைப் பற்றி எழுதுகிறோம். ஆலயத்துக்கு வெள்ளையடிக்கும்போதும், புதுக் கட்டடத்துக்குப் போகும்போதும் முதலில் காலியாவது அதுதான். மஞ்சளேறிய தாள்கள், கொயர் பாடும் ஆந்தம் என்ற பாடல்களின் அட்டை கிழிந்த புத்தகங்கள், காலஞ்சென்ற ஆர்கனிஸ்ட் ஐயா கைப்பட எழுதிய நோட்டுகள் எல்லாம் பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விடுகின்றன. "இதை யார் இனிமேல் வாசிக்கப் போகிறார்கள்?" என்ற ஒரு கேள்வி போதும், ஐம்பது ஆண்டு உழைப்பு ஒரு மத்தியானத்தில் தீர்ந்துவிடும். அந்தக் கேள்விக்கு இருநூறு ஆண்டுக்கு முன்பே தம் வாழ்க்கையால் பதில் சொன்ன ஓர் ஆர்கனிஸ்ட் உண்டு. அவரை உங்களுக்கு அறிமுகம் செய்துவிட்டு எங்கள் விண்ணப்பத்துக்கு வருகிறோம்.

அவர் வின்சென்ட் நொவெல்லோ. ஹேண்டல் இசையமைத்த 'மெசியா'வின் பழைய பிரதி உங்கள் பீரோவில் இருந்தால், அட்டையில் நொவெல்லோ என்ற பெயர் இருக்கும். மிகப் பழைய பதிப்பாக இருந்தால், ஆர்கன் அல்லது பியானோவுக்கான பக்கவாத்தியப் பகுதியை அமைத்தவர் வின்சென்ட் நொவெல்லோ என்று முகப்புப் பக்கமே சொல்லும். ஏதோ ஒரு லண்டன் கம்பெனியின் பெயர் என்றுதான் நம் பாடகர்களில் பலர் நினைக்கிறார்கள். அது ஓர் ஆலய ஆர்கனிஸ்டின் வீட்டில் பிறந்த தொழில்.

1781 செப்டம்பர் 6 அன்று லண்டனில் பிறந்தார். தகப்பனார் இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய பேஸ்ட்ரி தயாரிப்பாளர், தாயார் ஆங்கிலேயர். சிறுவனாகச் சார்டினியத் தூதரகச் சிற்றாலயத்தின் கொயரில் பாடினார். அங்கே ஆர்கனிஸ்டாக இருந்த சாமுவேல் வெப்பிடம் வாசிக்கவும் கற்றார். பதினாறு வயதில் போர்த்துகீசியத் தூதரகச் சிற்றாலயத்தின் ஆர்கன் அவர் கைக்கு வந்தது. 1797 முதல் 1822 வரை, கால் நூற்றாண்டு, அந்த இருக்கையில் இருந்தார். அவர் வாசிப்பைக் கேட்கவே லண்டனின் பெரிய மனிதர்கள் அங்கே கூடினார்கள். மெதடிஸ்ட் இயக்க முன்னோடி சார்ல்ஸ் வெஸ்லியின் மகன் சாமுவேல் வெஸ்லி அவருக்கு நெருங்கிய நண்பர். மெதடிஸ்ட் மரபில் வந்த நம் சபையார் இதை அறிந்தால் மகிழ்வார்கள்.

தூதரகச் சிற்றாலயம் என்பது இந்த வரலாற்றில் முக்கியம். இங்கிலாந்தில் கத்தோலிக்க வழிபாடு நெடுங்காலம் சட்டத்தால் ஒடுக்கப்பட்டிருந்தது. 1791-ல் அந்தச் சட்டம் தளர்ந்தது. அரசியல் உரிமைகள் 1829-ல்தான் வந்தன. அதுவரை பாட்டோடும் ஆர்கனோடும் பூசை நடந்தது பெரும்பாலும் கத்தோலிக்க நாடுகளின் தூதரகங்களுக்குள் இருந்த சிற்றாலயங்களில்தான். எனவே லத்தீன் பூசைக்குரிய இசையை அச்சிட்டு விற்க எந்த வியாபாரிக்கும் ஆர்வம் இல்லை. வாங்கக்கூடிய ஆலயங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இருந்ததெல்லாம் கைப்பிரதிகள். ஓர் ஆர்கனிஸ்ட் இன்னொருவரிடம் இரவல் வாங்கி எழுதிக்கொள்வார், எழுதும்போது ஒரு சுரம் விழும், அடுத்தவர் அந்தப் பிழையையும் சேர்த்து எழுதுவார். தமிழ்க் கீர்த்தனைகளுக்கும் தமிழ் ஆந்தங்களுக்கும் நான்கு குரல் அமைப்பு இன்றைக்கும் இப்படித்தானே கைமாறுகிறது?

1811-ல் நொவெல்லோ தம் சிற்றாலயத்தில் பயன்பட்ட இசையைத் தொகுத்து, சொந்தப் பணம் போட்டு, பெரிய அளவில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். வியாபாரியாக அவர் வைத்த முதல் அடி இது. தொகுத்ததைக் காட்டிலும் அவர் ஆர்கன் பகுதியை அச்சிட்ட விதம்தான் பெரிய காரியம் என்பது எங்கள் எண்ணம்.

அந்தக் காலத்தில் ஆர்கனிஸ்டுக்கு முழு இசை எழுதித் தருவதில்லை. பேஸ் என்ற அடிக்குரல் வரி மட்டும் இருக்கும், அதன் மேல் எண்கள் இருக்கும். சுரங்களை டோ, ரே, மீ என்று எழுதும் டானிக் சோல்ஃபா தெரிந்தவர்களுக்கு இப்படிச் சொல்லலாம்: பேஸில் 'மீ', மேலே 6 என்றிருந்தால் வலது கை 'ஸோ'வும் 'டோ'வும் பிடிக்க வேண்டும். எண் எதுவுமே இல்லையென்றால் 'ஸோ'வும் 'டீ'யும். பேஸில் 'ஃபா', மேலே 4-ம் 2-ம் என்றால் 'ஸோ', 'டீ', 'ரே'. நன்கு பயின்றவருக்கு இது சுலபம். ஆனால் எழுதியவர் 6-ஐ விட்டுவிட்டால் என்ன ஆகும்? கொயர் 'டோ' பாடும், ஆர்கன் 'டீ' முழங்கும். அரை சுர இடைவெளியில் இரண்டும் மோதும்போது முதலில் தடுமாறுவது அந்தச் சுரத்தைப் பாடும் குரல், அடுத்து மற்ற மூன்றும். எண்கள் சரியாக இருந்தாலும் எந்தச் சுரத்தை மேலே வைப்பது, எதை இரட்டிப்பது என்பதெல்லாம் வாசிப்பவர் தலையில்தான். அவர் மறைந்தால் அதுவும் மறையும்.

நொவெல்லோ அந்த எண்களை விரித்து, இரண்டு கைக்கும் உரிய சுரங்களை முழுமையாக எழுதி அச்சிட்டார். மாகாணத்துச் சிற்றூரில் ஓரளவே பயின்ற ஒருவர்கூடத் தாளைப் பார்த்தபடியே வாசித்துக் கொயரைத் தாங்க முடியும் என்ற நிலை வந்தது. திறமைசாலிகள் தங்களுக்குள் வைத்திருந்த கலையை எல்லார் கையிலும் கொடுக்கத் துணிந்தார் என்பதற்காகவே அவர்மேல் எங்களுக்கு அத்தனை மதிப்பு.

அவருடைய பழைய பதிப்புகளை வாசிக்கும் இளைஞர்களுக்கு இங்கே ஒரு குறிப்பு. அன்றைய இங்கிலாந்து ஆர்கன்களில் கீபோர்டு, இன்று தொடங்கும் 'சி'யையும் தாண்டிக் கீழே 'ஜி' வரை போகும். பெடல் பல ஆர்கன்களில் இல்லை, இருந்தாலும் சிறியது. அதனால் இடது கையில் சில சுரங்கள் இன்றைய 61 கட்டைக் கீபோர்டுக்கு வெளியே விழும். அது அச்சுப் பிழை என்று எண்ணி அடிக்க வேண்டாம். ஒரு ஸ்தாயி மேலே வாசியுங்கள், பெடல் இருந்தால் காலுக்குக் கொடுங்கள்.

ஹைடன், மோட்சார்ட் இருவரின் பூசை இசையை இங்கிலாந்தில் பரப்பியதும் நொவெல்லோதான். வாத்தியக் குழு இல்லாத ஆலயங்களும் பாடும்படி, குரல்களோடு ஆர்கன் பகுதியைச் சேர்த்து ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டார். அதில் ஒரு தவறும் நடந்தது. மோட்சார்ட்டின் 12-ஆம் மாஸ் (பூசை இசை) என்று அவர் வெளியிட்டது மோட்சார்ட் எழுதியதே அல்ல. ஆனாலும் அந்தப் பெயரோடே அது உலகம் சுற்றியது, அதன் 'குளோரியா'வை இன்றும் பல கொயர்கள் மோட்சார்ட் என்று அறிவித்தே பாடுகின்றன. அட்டையில் ஒருமுறை ஏறிய பெயரை இறக்குவது எவ்வளவு கடினம் பாருங்கள். இதை ஏன் சொல்கிறோம் என்பது கீழே விளங்கும்.

1822-க்குப் பிறகு தேடுவதும் பிரதி எடுப்பதுமே அவருடைய பெரிய வேலையாயிற்று. கேம்பிரிட்ஜில் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தின் கையெழுத்துப் பிரதிகளிலிருந்து பழைய இத்தாலிய ஆலய இசையை எடுத்து 1825-ல் ஐந்து தொகுதிகளாகத் தந்தார். அடுத்து, 1695-ல் இறந்த ஆங்கில இசையமைப்பாளர் ஹென்றி பர்சலின் ஆலய இசை முழுவதையும் திரட்டும் வேலையில் இறங்கினார், 1832-ல் முடித்தார். அந்தத் தேடலில் யார்க் பேராலயத்துக்கும் போய் அங்கிருந்த பர்சலின் ஆந்தங்களைப் பார்த்து எழுதிக்கொண்டார். 1829 பிப்ரவரி 2 அன்று ஜானதன் மார்ட்டின் என்பவர் வைத்த தீயில் அந்தப் பேராலயத்தின் கொயர் பகுதியும் ஆர்கனும் எரிந்தன. நொவெல்லோ பார்த்து எழுதிய பிரதிகளின் மூலங்களும் அதில் போயின. அவர் கையெழுத்து மட்டும் தப்பியது. அவர் தாமதித்திருந்தால் அந்தப் பிரதிகளில் இருந்தது நமக்குக் கிடைக்காமலே போயிருக்கலாம்.

இவ்வளவுக்கும் அவர் செல்வந்தர் அல்லர். பதினொரு பிள்ளைகள் பிறந்த குடும்பம். பள்ளிகளிலும் வீடுகளிலும் இசை கற்பித்துத்தான் வீடு நடந்தது. பதிப்பு வேலைக்கு மிஞ்சியது இரவு நேரம். வணிகர் என்று அவரைச் சொல்லலாமா, மகன் ஜோசப் ஆல்ஃபிரடைத்தானே சொல்ல வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. தந்தை முதல் போட்டார், சரக்கைச் சேர்த்தார், நம்பகமான பெயரையும் சேர்த்தார். மகன் சுமார் இருபது வயதில் கடை திறந்து அதை விற்கத் தெரிந்துகொண்டார். ஒன்றில்லாமல் மற்றது நின்றிருக்காது. நம் சபைகளில் முதல் பாதிக்கு ஆள் இருக்கிறார்கள், இரண்டாம் பாதிக்குத்தான் ஒருவரும் இல்லை. அதனால் மகனின் கணக்கையும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறோம்.

அன்று இசை அச்சாகியது உலோகத் தகட்டில். வெள்ளீயமும் காரீயமும் கலந்த தகட்டில் ஐந்து பல் கொண்ட கருவியால் ஐந்து கோடுகளைக் கீறுவார்கள். சுரத்தின் தலைகளை எஃகு அச்சால் சுத்தியால் தட்டிப் பதிப்பார்கள். தண்டுகளையும் வளைவுகளையும் உளியால் செதுக்குவார்கள். எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல வலமிடமாக. பிழை வந்தால் தகட்டைப் பின்புறமிருந்து தட்டிச் சமன்செய்து மறுபடி செதுக்க வேண்டும். அச்சிடும்போதும் ஒவ்வொரு தாளுக்கும் மை பூசி, துடைத்து, ஈரத் தாளை வைத்து உருளையில் இழுக்க வேண்டும். இதில் ஒரு வசதி, வேண்டும்போது ஐம்பது பிரதி மட்டும் எடுத்துக்கொள்ளலாம், காகிதத்தில் பணம் முடங்காது. குறை என்னவென்றால் ஆயிரம் எடுத்தாலும் ஒரு பிரதியின் செலவு பெரிதாக இறங்காது.

ஈய எழுத்தைக் கோர்த்து இயந்திரத்தில் அடித்தால் கதை தலைகீழ். கோர்ப்பதற்கு ஆகும் செலவு அதிகம், அதன் பிறகு எத்தனை ஆயிரம் அடித்தாலும் காகிதச் செலவுதான். ஆக, விலை குறைய வேண்டுமானால் எண்ணிக்கை கூட வேண்டும், எண்ணிக்கை கூட வேண்டுமானால் முதலில் விலையைக் குறைத்தாக வேண்டும். அந்த முடிச்சைத் துணிந்து அவிழ்த்தவர் ஆல்ஃபிரட். 1846-ல் 'மெசியா'வை மாதம் ஒரு பகுதியாக, பகுதி ஆறு பென்னிக்கு விற்றார். பன்னிரண்டு பகுதிகள் சேர்ந்தால் முழு நூல். ஒரு கினி, அதாவது 252 பென்னி கொடுத்து வாங்க வேண்டியிருந்த ஒன்று 72 பென்னிக்கு, அதுவும் தவணையில் கிடைத்தது. ஆலைத் தொழிலாளிகள் கொயர் சேர்த்துப் பாடிய காலம் அது. ஆளுக்கொரு பிரதி என்பது அவர்களுக்கு அப்போதுதான் எட்டியது.

அளவையும் மாற்றினார். பெரிய தாளை ஒருமுறை மடித்தால் நான்கு பக்கம், மூன்று முறை மடித்தால் பதினாறு பக்கம். நம் அச்சகங்களில் ஒரு ஃபாரம் பதினாறு பக்கம் என்கிறோமே, அதே கணக்கு. இந்தச் சிறிய அளவுப் புத்தகத்தை ஒரு கையில் பிடித்து நின்று பாடலாம், முகம் மறையாது, கண்டக்டரின் கை தெரியும். இன்று உங்கள் பாடகர் குழுவின் கையிலிருக்கும் ஆந்தம் புத்தகத்தின் அளவு அங்கிருந்து வந்தது. 1844-ல் அவர் நடத்தத் தொடங்கிய மாத இதழில் ஒவ்வொரு இதழோடும் ஒரு கொயர் பாட்டு வரும். விளம்பரத்துக்கும் பத்திரிகைக்கும் காகிதத்துக்கும் இருந்த வரிகளை எதிர்த்த சங்கத்துக்கு அவரே பொருளாளர். அந்த வரிகள் 1853, 1855, 1861 என்று ஒவ்வொன்றாக நீங்கின.

ஜெராக்ஸ் எடுக்கும் செயலாளர்கள் அறிய வேண்டிய வழக்கும் ஒன்று உண்டு. ஓர் இசைச் சங்கத்தின் செயலாளர் நொவெல்லோ வெளியீடு ஒன்றைக் கல்லச்சில் நகலெடுத்து, காசு வாங்காமல் தம் பாடகர்களுக்குக் கொடுத்தார். விற்கவில்லையே என்பது அவர் வாதம். இலவசமாகக் கொடுத்தாலும் உரிமை மீறல்தான் என்று 1852-ல் தீர்ப்பாயிற்று.

வின்சென்ட் தம் கையெழுத்துப் பிரதிகள் பலவற்றைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு, கடைசிக் காலத்தை நீஸ் நகரத்தில் கழித்து, 1861 ஆகஸ்ட் 9 அன்று காலமானார்.

இனி எங்கள் விண்ணப்பம்.

எதையும் வெளியே போடுவதற்கு முன் ஒரு நோட்டில் பட்டியல் எழுதுங்கள். பாட்டின் பெயர், அமைத்தவர், பதிப்பு, எத்தனை பிரதி, எத்தனை குரல், எந்தச் சுருதி, ஆர்கன் பகுதி தனியாக உண்டா என்பவை போதும். அச்சுப் பிரதிகளின் பக்க அடியில் சிறிய எண் ஒன்று இருக்கும், அதையும் குறியுங்கள். அந்த எண் வேறானால் பக்கங்களும் சொற்பிரிப்பும் வேறாக இருக்கக்கூடும், ஒரே ஒத்திகையில் கலந்து கொடுத்தால் பாதிப் பேர் இடம் தெரியாமல் நிற்பார்கள். கையெழுத்துத் தாளில் அமைத்தவர் பெயர் இல்லையென்றால் "பெயர் தெரியவில்லை" என்றே எழுதுங்கள். மூத்தவர் ஒருவர் யூகித்துச் சொன்னார் என்று ஒரு பெயரை ஏற்றிவிடாதீர்கள். 12-ஆம் மாஸுக்கு நேர்ந்தது நம் கீர்த்தனைகளுக்கும் நேரும்.

கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டில் பசை பழுப்பாகிச் சுரத்தையே மறைக்கும், பிரித்தால் தாளும் சேர்ந்து வரும். லேமினேஷனும் வேண்டாம், அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. துருப்பிடித்த ஊசியையும் பின்னையும் மெதுவாக நிமிர்த்திக் கழற்றுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து அரையடி தள்ளி வையுங்கள். கரையான் சுவர் வழியாகத்தான் ஏறும். மழைக்காலம் முடிந்ததும் நிழலில் காற்றாட வையுங்கள், நேர் வெயிலில் காயவைத்தால் தாள் முறுகி உடையும்.

செல்போனில் படம் எடுப்பவர்கள் கறுப்பு வெள்ளையாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது பென்சில் குறிகளைத் தூசி என்று எண்ணித் துடைத்துவிடும். எங்கே மூச்சு வாங்குவது, எந்தச் சரணத்தில் மெதுவாக்குவது என்று ஆர்கனிஸ்ட் ஐயா எழுதியதெல்லாம் பென்சிலில்தான் இருக்கிறது. ஸ்கேனர் கிடைத்தால் சாம்பல் நிற அமைப்பில், அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையாமல் எடுங்கள். இரண்டு பிரதிகளை இரண்டு வேறு கட்டடங்களில் வையுங்கள். யார்க் பேராலயத்தில் இருந்ததெல்லாம் ஒரே கூரைக்குக் கீழ்தான் இருந்தது.

இதைவிடப் பெரிய விண்ணப்பம், உங்கள் ஆர்கனிஸ்டின் கையில் இருப்பதைத் தாளுக்குக் கொண்டுவருவது. இன்று பாட்டு வரிகளின் மேல் சி, ஏ மைனர், எஃப், ஜி என்று எழுதி வைத்து வாசிக்கிறோம். அது நொவெல்லோ காலத்து எண்களின் மறுபிறப்புதான், குறையும் அதேதான். 'சி' என்று மட்டும் எழுதியிருந்தால், கொயரின் பேஸ் 'மீ' பாடும் இடத்தில் கீபோர்டின் இடது கை அதற்குக் கீழே 'டோ' பிடிக்கும். அமைத்தவர் எண்ணிய கார்டின் நிறம் மாறும், பேஸ் குரல் தன் வரியை விட்டுக் கீபோர்டின் பின்னால் போய்விடும். ஆகவே இரண்டு கையையும் முழுக்க எழுதுங்கள். கீர்த்தனையானால் எத்தனை கட்டைச் சுருதி, என்ன தாளம், முன்னிசை எத்தனை ஆவர்த்தனம், ஒவ்வொரு சரணத்துக்கும் பின் பல்லவி எத்தனை முறை, கமகம் வரும் இடத்தில் ஆர்கன் எந்தச் சுரத்தில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் தாளில் இருக்க வேண்டும். எழுதத் தெரிந்த இளைஞர் ஒருவரை மூத்த ஆர்கனிஸ்டின் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் மெதுவாக, ஒவ்வொரு குரலாக வாசிக்கட்டும், அதை ஒலிப்பதிவும் செய்யுங்கள். அந்த வேலைக்கு இருவருக்கும் கமிட்டி தொகை ஒதுக்க வேண்டும். ஸ்தோத்திரத்தோடு முடித்துவிடும் காரியம் அல்ல இது.

அச்சிடும்போது ஒரு சபை தனியாக இறங்க வேண்டாம். முப்பது பிரதிக்கு ஆஃப்செட் பிளேட் போட்டால் ஒரு பிரதியின் விலை யாரையும் பயமுறுத்தும். பத்து சபைகள் சேர்ந்தால் முந்நூறு, அப்போது அதே பிளேட்டின் செலவு பத்தில் ஒரு பங்காகும். பாட்டு நான்கு, எட்டு, பதினாறு பக்கங்களில் அடங்கட்டும். ஐந்து பக்கம் வந்தால் மூன்று பக்கக் காகிதம் வீண். ஆர்கனிஸ்ட் தாளைப் புரட்டும் இடத்தில் ஒரு கையாவது ஓய்வாக இருக்கும்படி பக்கத்தை உடையுங்கள். தமிழ் வரியை அசை அசையாகப் பிரித்துச் சுரத்தின் நேர் கீழே வையுங்கள், சோல்ஃபாவை ஒவ்வொரு குரலுக்கும் தனி வரியாகக் கொடுங்கள். நம் கொயர்களில் பாதிக்கு மேல் அதை நம்பித்தான் பாடுகிறார்கள். அடக்க விலைக்கு மேல் கொஞ்சம் வைத்தே விற்கவும் வேண்டும். அடுத்த பாட்டுக்கு முதல் அதிலிருந்துதான் வர வேண்டும்.

உரிமை விஷயத்தில், நம் நாட்டுச் சட்டப்படி அமைத்தவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் அது அவர் வாரிசுகளுடையது. சபைக்காகத்தானே என்று அனுமானிக்காமல் அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், பெயரை முதல் பக்கத்தில் போடுங்கள்.

வரும் அறுப்பின் பண்டிகைக்கு முன், ஒரு சனிக்கிழமை, இரண்டு பேரையும் ஒரு நோட்டையும் கொடுத்துப் பீரோவைத் திறக்க ஏற்பாடு செய்யுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்பதை இந்த ஞாயிற்றுக்கிழமையே விசாரித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சபை இசையில் பழகிய சிலர்